குடல் தூதுவர்

மார்ச் 3, திங்கள்

அறுபத்துநாலு வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. சிட்னியில் வாழும் தமிழருக்கு மலத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் வருஷக்கணக்காக பஸ் ஓட்டி இளைப்பாறி, வென்ட்வர்த்வில் தமிழ் மூத்தோர் சங்கத்தின் செயலாளராக மாலை மரியாதையோடு இருக்கிற மனுஷனுக்கு இது ஏற்றமா இறக்கமா என்று தெரியவில்லை. சமூக சுகாதார நிலையத்திலிருந்து நவால் என்ற லெபனான்காரப் பெண் சங்கத்துக்கு வந்திருந்தாள். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கம் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பெட்டியைத் தபாலில் இலவசமாக அனுப்புகிறது. வீட்டிலேயே மாதிரி எடுத்துத் திருப்பி அனுப்பினால் போதும். வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய எங்கள் போன்ற சனம்தான் அதைச் செய்யாமல் விடுகிறது என்றாள்.

"தமிழர்கள் அந்தப் பெட்டியை என்ன செய்கிறார்கள்?"

உண்மையைச் சொன்னேன். குப்பையில் போடுகிறார்கள். எங்கள் பொருளாளர் நல்லைநாதன் மட்டும் அதில் வரும் சின்னப் பையைத் தூண்டில் முள் வைக்கப் பாவிக்கிறார்.

நவால் சிரிக்கவில்லை. என் குரல் பெரிய குரல், எனக்குக் கூச்சமும் இல்லை, ஆகவே நான்தான் பொருத்தமான ஆள் என்றாள். பதவியின் பெயர் சமூக சுகாதாரத் தூதுவர்.

பவளத்திடம் சொன்னேன். அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். "நானும் நாள் முழுக்கப் பிள்ளையளின்ரை உதைத்தான் துடைக்கிறன். எனக்கொருத்தரும் பட்டம் தரேல்லை" என்றுவிட்டுச் சோற்றை இறக்கினாள்.

மார்ச் 8, சனி

பயிற்சி. அரபு, டாரி, தகலொக், தமிழ் என்று நாலு மொழிக்காரர். காலை முழுக்க ஒரே பிரச்சினை: அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது. "மலம்" என்றால் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறது. "கக்கா" என்றால் எழுபது வயது மனுஷருக்கு அவமானம். மூன்றாவது சொல்லைச் சொன்னால் சங்கத்திலிருந்து என்னை நீக்கிவிடுவார்கள். மற்ற மொழிக்காரருக்கும் இதே சிக்கல்தான். உலகத்தில் ஒரு சனத்திடமும் இதற்கு ஒரு மரியாதையான சொல் இல்லை.

"பெண்களைக் கொண்டு செய்விக்கலாம். ஆண்கள்தான் கஷ்டம்" என்றாள் நவால். "எங்கள் ஆண்கள் செத்தாலும் செய்யமாட்டோம் என்கிறார்கள். சொன்னபடியே செத்தும் போகிறார்கள்."

பயிற்சி தந்த தாதி முக்கியமாகச் சொன்னது: இரத்தத்தைக் கண்டால் பெட்டி வரும்வரை காத்திருக்கக் கூடாது, நேரே டொக்டரிடம் போக வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

ரொய்லெற்றில் கொஞ்சம் நேரம் பிடித்தது. மூலச்சூடு. பஸ் ஓட்டினவனுக்குப் பென்ஷனோடு சேர்த்துக் கொடுக்கிற சாமான்.

மார்ச் 13

நேற்று பீட்ரூட் கறி. அதுதான்.

மார்ச் 16

பீட்ரூட் வாங்க வேண்டாம் என்று பவளத்திடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். விலை என்றேன்.

மார்ச் 19, புதன்

எனக்கும் பவளத்துக்கும் ஒரே நாளில் பெட்டி வந்தது. கல்யாண அழைப்பிதழ் மாதிரிப் பெயர் விலாசம் எல்லாம் அச்சடித்து, அழகாகத்தான் அனுப்புகிறார்கள்.

பவளம் தன்னுடையதை உடனே பிரித்துக் குறிப்பை வாசித்தாள். வெவ்வேறு தடவை போகும்போது இரண்டு மாதிரி எடுக்க வேண்டும். தபாலில் சேர்க்கும்வரை குளிரில் வைக்க வேண்டும்.

"குளிரில எண்டால்?"

"பிறிட்ஜிலதான்."

"எங்கட பிறிட்ஜிலயோ?"

"பக்கத்து வீட்டான்ரை பிறிட்ஜில வைக்க விடுவானோ?"

மார்ச் 22, சனி

வைத்துவிட்டாள். புளிக்கரைசலுக்குப் பக்கத்தில், பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. காலையில் பால் எடுக்கப் போய் அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். இன்று பால் விடாத தேத்தண்ணி.

"உங்கடை எப்ப?" என்று கேட்டாள்.

"நான் எடுத்து நேரே தபால் கந்தோரில குடுத்திட்டன். பிறிட்ஜில வைச்சால் உமக்கும் அருவருப்பு."

"அருவருப்பு எனக்கோ?" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

பெட்டி கராஜில், பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. செய்யத்தான் போகிறேன். ஊருக்குச் சொல்லித் திரிகிறவனுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டாமா?

மார்ச் 27, வியாழன்

சங்கத்து ஆட்களுக்குப் போன் பண்ணினேன். பெண்கள் எல்லாரும் வருகிறோம் என்றார்கள். நல்லைநாதனோடு சண்டை.

"எனக்கொரு வருத்தமும் இல்லை. இருக்கிறதை ஏன் கிண்டுவான்?"

"வருத்தம் தெரியாமலும் இருக்கும் நல்லை. அதுக்குத்தானே சோதிக்கிறது."

"தெரியாட்டில் இல்லையெண்டுதான் அர்த்தம்."

விசர் மனுஷன். ஆனால் போனை வைத்த பிறகு, அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிற மாதிரித்தான் பட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கூட்டம். மண்டபம் நிறைந்துவிட்டது. பிறகு சாப்பாடு என்று நோட்டீசில் போட்டிருந்தோம்.

நவால் வந்ததும் வராததுமாக, செய்து காட்டுகிற மாதிரிப் பெட்டிகள் முடிந்துவிட்டன என்றாள். படம் போட்டுச் சொல்லச் சொன்னாள். படம் காட்டினால் எங்கள் ஆட்கள் நித்திரையாகிவிடுவார்கள். நல்லகாலம், காலையில் ஏதோ யோசனையில் கராஜிலிருந்த பெட்டியைக் காரில் எறிந்திருந்தேன்.

மாதிரிக்கு ஏதாவது வேண்டும். சங்கத் தலைவி இனிப்புக்குத் தொதல் கிண்டிக் கொண்டுவந்திருந்தா. கறுத்து, எண்ணெய் மினுங்கி, நெகிழ்ந்து, இதற்கென்றே பிறந்தது மாதிரி இருந்தது. ஒரு துண்டைத் தட்டில் வைத்தேன். குச்சியை எடுத்து, "இஞ்சை பாருங்கோ, இப்பிடி மேலால சுரண்டினால் போதும், தோண்டத் தேவையில்லை" என்று தொதலைச் சுரண்டிக் குழாய்க்குள் விட்டு மூடி, மூன்று தரம் குலுக்கிக் காட்டினேன். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பின்வரிசையிலிருந்த நல்லைநாதனும் சிரித்தார். தலைவி மட்டும் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தா. அதற்குப் பிறகு ஒருவரும் தொதலைத் தொடவில்லை.

கைதட்டல் நடக்கும்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு தாள் கீழே விழுந்தது. முன்வரிசையிலிருந்த பவளம் எழுந்து வந்து பொறுக்கினாள். வாசித்தாள். என்னிடம் நீட்டினாள்.

"உங்கட பேர் கிடக்கு."

அவ்வளவுதான். போய் இருந்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டாள்.

"அப்ப தபாலில போனது ஆரின்ரை?"

காரின் பிரேக் கொஞ்சம் சத்தம் போடுகிறது, பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

புதுப் பெட்டி கேட்டுப் பவளமே போன் பண்ணினாள். நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கட்டளை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றாள். லைனில் ஒரு சென்னைப் பையன் வந்தான். போனைச் சத்தமாக வைத்தாள்.

"பழைய பெட்டிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க மேடம்."

"இவர் குச்சியைத் தொதலுக்குள்ள விட்டிட்டார்."

"தொதல்னா என்ன மேடம்?"

"அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சக்கரையும் போட்டுக் கிண்டுறது. அல்வா மாதிரி."

பையன் சரி மேடம் என்றான். பிறகு ஆங்கிலத்தில், இந்த அம்மாவின் கணவர் குச்சியை ஓர் இனிப்புப் பண்டத்தில் செருகிவிட்டார் என்று மிக மரியாதையாகச் சொன்னான். மறுமுனையில் இருந்த பெண் அவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்டாள்.

பவளம் என்னைப் பார்த்தாள். "அதைத்தான் நாங்களும் பாக்கவேணும் எண்டு சொல்லுங்கோ தம்பி."

ஏப்ரல் 27, ஞாயிறு

பவளத்துடையதில் ஒன்றுமில்லை என்று கடிதம் வந்துவிட்டது. நானும் செய்து முடித்தேன். பவளம் கதவுக்கு வெளியே கதிரை போட்டு இருந்தாள். மாமியார் வீட்டில் முதல்நாள் விருந்துக்கு இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு காவல் இல்லை.

தண்ணீரின் மேல் ஒரு தாளை விரிக்க வேண்டும். அது மூழ்குவதற்குள் வேலையை முடித்துச் சுரண்ட வேண்டும். சனம் நெரிகிற நேரத்தில் பரமட்டாவில் பஸ்ஸைத் திருப்பும்போதும் நான் இவ்வளவு வியர்க்கவில்லை.

கண்ணாடி போடாமல்தான் செய்தேன். கிட்டப் பார்வை எனக்குச் சரியில்லை. ஒன்றும் தெரியவில்லை.

மே 14, புதன்

எங்கள் குடும்ப டொக்டரின் கிளினிக்கிலிருந்து போன். நான் பின்வளவில் கறிவேப்பிலைக்குப் பசளை போட்டுக்கொண்டிருந்தேன். பவளம்தான் எடுத்தாள். மாதிரியில் இரத்தம் இருக்கிறதாம். குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம். பல பேருக்கு இப்படி வரும், எல்லாம் புற்றுநோய் இல்லை என்றும் சொன்னார்களாம். நானே கூட்டத்தில் சொன்ன வசனம். சொல்லும்போது நன்றாக இருந்தது.

பவளம் போனை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க இருந்தாள். ஒரு கறிக்கு வேண்டியதை விட நிறைய உரித்தாள்.

மே 29, வியாழன்

சிறப்பு வைத்தியர் டொக்டர் லியூ. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். மேசையில் பிளாஸ்ரிக் குடல் ஒன்று. பவளமும் பக்கத்துக் கதிரையில்.

"இரத்தம் கண்டீர்களா?"

"இடைக்கிடை."

"எவ்வளவு காலமாக?"

"ரெண்டு மூண்டு கிழமை."

டொக்டர் தட்டச்சு செய்தாள். பவளம் அந்தப் பிளாஸ்ரிக் குடலைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

யூன் 17, செவ்வாய்

நாளைக்குக் கமரா. இன்று சோறில்லை. ஒரு பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். எலுமிச்சம் சுவையாம். எலுமிச்சையைக் கண்டறியாத ஒருவன் செய்தது.

இதற்கு மேல் எழுத அவகாசமில்லை. திரும்பவும் போக

யூன் 18, புதன்

ஊசி போட்டார்கள், நித்திரையானேன், எழும்பினேன். நல்ல நித்திரை. கண்ணைத் திறந்தபோது பவளமும் டொக்டர் லியூவும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். இரண்டு பேரும் நின்றால் சங்கதி சரியில்லை.

இடதுபக்கம், குடலின் கீழ்ப்பகுதியில் ஒரு கட்டி. பார்க்கப் புற்றுநோய் மாதிரி இருக்கிறது, சதைத் துண்டு எடுத்துச் சோதிக்க அனுப்பியிருக்கிறது, ஆனால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

"சாண்ட்விச் தருவீர்களா?" என்று கேட்டேன். தந்தார்கள். கோழி. சாப்பிட முடியவில்லை.

யூன் 26

அதேதான். வேறெங்கும் பரவியதாக ஸ்கானில் தெரியவில்லை. முழுசாகச் சொல்வது வெட்டி எடுத்துப் பார்த்த பிறகு.

நவாலுக்குச் சொன்னேன். "நீங்கள்தான் எங்கள் திட்டத்தின் முதல் வெற்றி" என்றாள். பிறகு அழுதாள். நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியதாகப் போய்விட்டது.

யூலை 6, ஞாயிறு

வியாழக்கிழமை ஒப்பரேஷன். பவளத்தைப் பின்வளவுக்குக் கூட்டிப்போய்ப் புல்லு வெட்டுகிற மெஷினை எப்படி ஸ்ராட் பண்ணுவது என்று காட்டிக்கொடுத்தேன். பெற்றோல் எங்கே விடுவது, கயிற்றை எப்படி இழுப்பது எல்லாம்.

"எனக்கேன் உது?" என்றாள்.

"சும்மா. தெரிஞ்சிருந்தால் நல்லது."

மெஷினை நிற்பாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். புல் பாதியில் நிற்கிறது. பாதித் தலைக்கு மொட்டை போட்ட மாதிரி.

யூலை 11, வெள்ளி

உயிரோடு இருக்கிறேன். வயிற்றில் ஓட்டைகள். மூத்திரத்துக்கு ஒரு குழாய். எழுத ஏலாது.

யூலை 13, ஞாயிறு

இந்த வார்ட்டில் எல்லாரும் ஒன்றுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். குசு. வெட்டித் தைத்த குடல் திரும்ப வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சியாம். அது வந்தால்தான் ஒழுங்கான சாப்பாடு. காலையில் வந்த டொக்டர் லியூ "போனதா?" என்றாள். தாதி "போனதா?" என்றாள். தரை துடைக்க வந்த சமோவாக்காரரும் "போனதா தோழரே?" என்று கேட்டுவிட்டுத்தான் துடைப்பத்தைப் போட்டார். இந்தச் சங்கதிக்கு நாலு மொழியில் மரியாதையான சொல் தேடித் திரிந்தோம்.

பக்கத்துக் கட்டிலில் ஸ்ராவ்ரோஸ் என்ற கிரேக்கர். கொங்கிறீற் வேலை செய்தவர். அவருக்கும் இதே ஒப்பரேஷன், எனக்கு ஒரு நாள் முதல். நேற்றுப் பின்னேரம் அவருக்குப் போய்விட்டது. மகள்மார் கைதட்டினார்கள். மனுஷன் கட்டிலில் எழும்பியிருந்து தேர்தலில் வென்றவர் மாதிரிக் கை அசைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "தமிழா, நட. நடந்தால்தான் வரும்" என்றார்.

நடந்தேன். பவளம் ஒரு கையால் என்னையும் மற்றக் கையால் சேலைன் தொங்கும் கம்பியையும் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒப்பரேஷன் என்று சொன்ன நாளிலிருந்து அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. பால் வாங்க வேண்டும், தண்ணி பில் வந்திருக்கு என்று மட்டும் கதைத்தாள். நடைவழியின் கோடியில், ஜன்னலடியில் நின்றோம். கீழே கார்த் தரிப்பிடத்தில் ஒருவர் சீட்டு மெஷினோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அதை எட்டிப் பார்க்க நான் கொஞ்சம் குனிந்தேன்.

வந்தது. சின்னதில்லை. நடைவழி முழுக்கக் கேட்டிருக்கும். தூரத்தில் ஸ்ராவ்ரோஸ் "பிராவோ" என்று கத்தினார்.

பவளம் சிரிக்கத் தொடங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன், தையல் இழுத்துப் பிடித்தது. அவளுடைய சிரிப்பு எந்த இடத்தில் மாறியதென்று தெரியவில்லை. பிறகு பார்த்தால் என் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சட்டையின் பின்பக்கம் திறந்து கிடந்தது. அதை ஒரு கையால் இழுத்து மூடியபடியே அழுதாள்.

மத்தியானம் ஜெலி தந்தார்கள். சிவப்பு.

யூலை 28, திங்கள்

முழு முடிவு வந்துவிட்டது. கட்டி முழுவதும் எடுபட்டுவிட்டது. பக்கத்து நெறிக்கட்டிகளில் ஒன்றுமில்லை. மருந்து ஏற்றத் தேவையில்லை. ஒரு வருஷத்தில் திரும்பக் கமரா.

பவளம் டொக்டரிடம் ஒரு கேள்விதான் கேட்டாள். இன்னும் முந்தி வந்திருந்தால்? வெகு முந்தி வந்திருந்தால் சிலவேளை கமராவாலேயே எடுத்திருக்கலாம், இன்னும் பிந்தியிருந்தால் நிலைமை வேறு என்றாள் டொக்டர் லியூ.

வெளியே வந்து ஒரு கோப்பி குடித்தோம். இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைத்தோம்.

செப்ரெம்பர் 13, சனி

மெறிலாண்ட்ஸில் ஆப்கான் ஆண்களின் கூட்டம். நவால் என்னை வரச் சொன்னாள். பவளம்தான் கார் ஓட்டினாள். பெல்ற் தையலில் உரசுகிறது என்று நான் இன்னும் சாக்குச் சொல்கிறேன். உண்மையில், அவள் ஓட்ட நான் பக்கத்தில் இருப்பது பழகிவிட்டது.

நான் ஆங்கிலத்தில் பேச, ஒருவர் டாரியில் சொன்னார். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். எவ்வளவு காலம் அறிகுறி இருந்தது என்று ஒருவர் கேட்டார். சில கிழமைகள் என்றேன். பேச்சு நன்றாகத்தான் போனது. கடைசி வரிசையில் தாடி வைத்த பெரிய மனுஷர் ஒருவர் மட்டும் நடுவில் எழுந்து வெளியே போனார்.

முடிந்து நான் வெளியே வந்தபோது அவர் படியில் இருந்தார். பெயர் நஜீபுல்லா, தரைக்கு ரைல்ஸ் பதிக்கிற வேலை. எங்கள் கார் படிக்குக் கீழேயே நின்றது. பவளம் உள்ளே இருந்தாள், கண்ணாடி இறக்கியிருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தோம்.

"எவ்வளவு இரத்தம் வந்தால் போக வேண்டும்?" என்று கேட்டார்.

"எவ்வளவு என்று இல்லை. வந்தால் போக வேண்டும்."

"உனக்கு உண்மையாக எவ்வளவு காலம் வந்தது?"

உள்ளே அத்தனை பேர் கேட்க ஒரு பதில் சொல்லிவிட்டு வந்தவன். அதையே திரும்பச் சொல்லலாம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளைச் சாந்து.

"பத்து மாதம்" என்றேன். "பத்து மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பயம்."

அவர் தலையாட்டினார். "எனக்கு நோன்புக்கு முதல் தொடங்கியது."

கார்க் கதவு திறந்த சத்தம் கேட்டது. பவளம் இறங்கி வந்தாள். நான் எழும்பப் பார்த்தேன்.

"இருங்கோ" என்றாள். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்கட உடுப்பு ஆர் தோய்க்கிறது? தைப்பொங்கலுக்கு முதலே கண்டிட்டன். கேட்டால் இல்லையெண்டு பொய் சொல்லுவியள். நீங்கள் பொய் சொன்னால் நான் நம்பிப்போடுவன் எண்டு பயந்துதான் கேக்கேல்லை." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கும் பயம்தானே அப்பா."

சற்றுத் தள்ளி இருந்து இடம் விட்டேன். அவள் என் பக்கத்தில் படியில் இருந்தாள். நஜீபுல்லாவுக்கு எங்கள் பாஷை விளங்கவில்லை. ஆனாலும் மரியாதைக்கு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பவளம் தன் போனை எடுத்தாள். அவருடைய டொக்டர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கிளினிக்கின் பெயரைச் சொன்னார். சனிக்கிழமையும் மத்தியானம் வரை திறந்திருக்குமாம். அவளே நம்பரைத் தேடி அடித்தாள். வரிசையில் இருக்கிறீர்கள், காத்திருங்கள் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் பியானோவைப் போட்டது. போனை முழங்காலில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். மூன்று பேரும் படியில் இருந்து அந்தப் பியானோவைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.